பெயராய் நிலைத்தவர் ருடால்ப் டீசல்

நாள்தோறும் நம் நாவில் வழங்கும் சொற்களுள் சில, ஒரு காலத்தில் மனிதர்களின் பெயர்களாக இருந்தவை. மின்னழுத்தத்தை வோல்ட் என்று அளக்கிறோம். அது வோல்டா என்னும் இத்தாலிய அறிஞரின் பெயரிலிருந்து வந்தது. மின்னோட்டத்தை ஆம்பியர் என்று அளக்கிறோம். அதுவும் ஒரு பிரெஞ்சு அறிஞரின் பெயரே. இவர்களையேனும் பள்ளிப் பாடநூல் நமக்கு அறிமுகப்படுத்திவிடுகிறது. ஆனால் லாரி ஓட்டுநரும், கடலில் விசைப்படகு செலுத்தும் மீனவரும், வயலுக்கு நீர் இறைக்கும் உழவரும் ஒருநாளும் சொல்லாமல் இருக்க முடியாத டீசல் என்னும் சொல், வாழ்ந்து வருந்தி மறைந்த ஒரு மனிதரின் பெயர் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே ஆவர்.

பாபநாசத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் என் தாய்மாமா மாவரைக்கும் மில் வைத்திருந்தார். மின்சாரம் நின்றுபோகும் நாள்களில், கொட்டகையின் ஓரத்தில் இருந்த டீசல் எஞ்சினை ஓட்டுவார்கள். கைப்பிடியைச் செருகி இருவர் மூச்சைப் பிடித்துச் சுழற்றுவர். சக்கரம் வேகம் கொண்டதும் மாமா மேலிருக்கும் நெம்புகோலை விடுவிப்பார். எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டுப் பிறகு சீராக ஒலிக்கத் தொடங்கும். தீப்பொறி தரும் பிளக் எதுவும் அதில் இல்லை. பின் எண்ணெயைப் பற்றவைப்பது எது என்று சிறுவனாகிய நான் கேட்டேன். காற்றை அமுக்கினால் சூடு தானே வரும், சைக்கிளுக்குக் காற்றடித்ததும் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார் என்றார் மாமா. டீசல் என்றால் என்ன பொருள் என்று கேட்டதற்கு மட்டும் அவரிடம் விடை இல்லை. அந்த விடையைத் தேடிய ஓர் இலக்கிய மாணவனின் முயற்சியே இக்கட்டுரை.

இளமையும் இடப்பெயர்வும்

ருடால்ப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் செருமனியின் பவேரியப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி அங்குக் குடியேறியவர்கள். தந்தை தியோடர் நூற்கட்டுநர். தோல்பொருள் வேலையும் செய்தவர். தாய் எலிசே. வறுமைக்கும் வசதிக்கும் நடுவே தள்ளாடிய குடும்பம் அது. தந்தையின் பட்டறையில் உருவான பொருள்களை வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பது சிறுவன் ருடால்பின் வேலை. ஓய்வு நேரங்களில் அவர் விரும்பிச் சென்ற இடம் நகரின் தொழில்நுட்ப அருங்காட்சியகம். அங்கு வைக்கப்பட்டிருந்த பழைய நீராவி வண்டியும் பிற பொறிகளும் அவருடைய முதல் ஆசிரியர்களாக விளங்கின எனலாம்.

1870ஆம் ஆண்டு பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. பாரிசில் வாழ்ந்த செருமானியர் வெளியேற வேண்டியதாயிற்று. டீசல் குடும்பம் இலண்டனுக்குச் சென்றது. பிறந்த மண்ணில் அயலவர் எனவும், அடைக்கலம் புகுந்த மண்ணில் ஏதிலியர் எனவும் நிற்கும் துயரத்தைப் பன்னிரண்டு வயதிலேயே அவர் அறிந்தார். அந்த ஆண்டின் இறுதிக்குள் பெற்றோர் அவரை ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் பார்னிக்கல் இல்லத்திற்கு அனுப்பினர். பார்னிக்கல் அந்நகரின் தொழிற்பள்ளியில் கணக்கு ஆசிரியர். அவரது இல்லத்தில் டீசலின் வாழ்க்கைப் போக்கு முடிவாயிற்று. பதினான்காம் வயதில், தாம் பொறியாளர் ஆகப்போவதாகப் பெற்றோருக்கு எழுதினார்.

குடும்பத்தின் வறுமையைப் போக்க மகன் விரைவில் ஊதியம் ஈட்ட வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். மகனோ படிப்பில் முதலிடம் பெற்று, 1875இல் மியூனிக் நகர்ப் பல்தொழிற் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் பெற்றார். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலில் நுழையும் நம் மாணவர் பலரும் இந்த இழுபறியை அறிவர். அடுப்பெரிய இன்று பணம் வேண்டும். படிப்போ பயன்தர ஆண்டுகள் ஆகும். டீசல் படிப்பைத் தேர்ந்தார். 1880இல் கல்லூரியின் மிக உயர்ந்த மதிப்பெண்களுள் ஒன்றைப் பெற்றுத் தேறினார்.

வெப்பத்தின் கணக்கு

மியூனிக்கில் அவருக்குப் பேராசிரியராக அமைந்தவர் கார்ல் வான் லிண்டே. குளிரூட்டும் பொறியை வகுத்துப் புகழ்பெற்றவர் அவர். வெப்ப இயக்கவியல் குறித்த அவரது வகுப்பில்தான் டீசலின் உள்ளத்தில் ஒரு கணக்கு ஆழப் பதிந்தது. அக்கணக்கைப் பாபநாசத்தில் பிறந்தவர்க்கு விளக்குவது எளிது.

பொதிகை மலையிலிருந்து தாமிரவருணி கீழிறங்குகிறது. அந்த இறக்கத்தின் ஆற்றலைக் கொண்டே 1880களில் ஆர்வி சகோதரர்கள் பாபநாசத்தில் நூற்பாலை அமைத்தனர். பிற்காலத்தில், 1944இல், அதே நீரின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரமும் எடுக்கப்பட்டது. நீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ அவ்வளவு வேலை கிடைக்கும். சாதி கார்னோ என்னும் இளம் பிரெஞ்சு அறிஞர் 1824இல் வெளியிட்ட தம் நூலில் வெப்பத்தையும் இவ்வாறே அருவிக்கு ஒப்பிட்டார். உயர்ந்த வெப்பநிலையிலிருந்து தாழ்ந்த வெப்பநிலைக்கு வெப்பம் இறங்கும்போதுதான் பொறி வேலை செய்கிறது. இறக்கம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பயன். நீராவி எஞ்சினிலோ அந்த இறக்கம் சிறிது. நிலக்கரியில் உள்ள ஆற்றலில் நூற்றுக்குப் பத்துப் பங்கைப் பயனாக்குவதே அதற்கு அரிது. எஞ்சியதெல்லாம் புகைபோக்கி வழியாகவும் வெந்நீராகவும் வீணாயிற்று. தொண்ணூறு பங்கு வீணாவதைக் கண்டும் உலகம் எப்படிப் பொறுத்திருக்கிறது என்பதே டீசலை உறங்கவிடாத வினாவாயிற்று.

படிப்பு முடிந்ததும் லிண்டேயின் குளிர்சாதனத் தொழிலில் சேர்ந்து பாரிசில் பணியாற்றினார். 1883இல் மார்த்தா என்னும் செருமானியப் பெண்ணை மணந்தார். இரு ஆண்மக்களும் ஒரு பெண்ணும் பிறந்தனர். பகலில் பனிக்கட்டி ஆலையின் மேலாளர்; இரவில் ஆராய்ச்சியாளர். நீராவிக்கு மாற்றாக அம்மோனியா ஆவியைக் கொண்டு எஞ்சின் செய்ய ஆண்டுக்கணக்கில் முயன்றார்; அது கைகூடவில்லை. அத்தோல்வியிலிருந்தே புதிய எண்ணம் பிறந்தது. ஆவியைக் கைவிட்டு, காற்றையே வேலை செய்யும் பொருளாகக் கொண்டால் என்ன என்று சிந்திக்கலானார்.

அவர் கண்ட வழி இதுதான். சிலிண்டருக்குள் காற்றை மட்டும் இழுத்து, பிஸ்டனால் முப்பது மடங்குக்கும் மேலான அழுத்தத்திற்கு அமுக்கினால், அக்காற்று தானே ஐந்நூறு பாகை சென்டிகிரேடைக் கடந்து கொதிக்கும். அந்நேரத்தில் எண்ணெயைத் துளிப்படலமாகச் செலுத்தினால், பொறியோ திரியோ இல்லாமல் அது பற்றிக்கொள்ளும். எரியும் வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளும். மலாய் நாட்டு மக்கள் மிகப் பழங்காலம் முதலே மூங்கில் அல்லது கொம்பினால் ஆன சிறு குழலுக்குள் தண்டை ஓங்கி அடித்துப் பஞ்சில் நெருப்பு உண்டாக்கி வந்தனர். ஐரோப்பியப் பள்ளிகளில் அதையே கண்ணாடிக் குழலாகச் செய்து வகுப்பறையில் காட்டினர். பினாங்குக்குப் பிழைக்கப் போன நம் கடையநல்லூர், தென்காசி முன்னோர் கண்டிருக்கக்கூடிய அச்சிறு கருவியின் தத்துவமும், உலகக் கப்பல்களை ஓட்டும் பேரெஞ்சினின் தத்துவமும் ஒன்றே என்பது வியப்பைத் தருவதாகும்.

1892இல் இக்கருத்துக்குக் காப்புரிமை வேண்டினார். மறு ஆண்டு அது கிடைத்தது. அதே 1893இல் அறிவுக்கு ஒத்த வெப்ப எஞ்சின் ஒன்றின் கோட்பாட்டையும் அமைப்பையும் விளக்கும் நூலை வெளியிட்டார். அந்நூலில் பொறியியலோடு ஒரு சமுதாயக் கனவும் கலந்திருந்தது. நீராவி எஞ்சின் பெருமுதலாளிக்கே கட்டுப்படியாகும். அதனால் தச்சரும் நெசவாளரும் தம் தொழிலை இழந்து ஆலைக் கூலிகளாயினர். சிக்கனமான சிறு எஞ்சின் ஒன்று கிடைத்தால் சிறு தொழிலாளி தன் கூடத்திலேயே தலைநிமிர்ந்து வாழலாம் என்று அவர் நம்பினார். தந்தையின் பட்டறையில் வளர்ந்த பிள்ளையின் நம்பிக்கை அது.

நான்காண்டுத் தவம்

ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிச் வான் பூட்ஸ் துணை நின்றார். குரூப் நிறுவனமும் பொருளுதவி அளித்தது. 1893 ஆகஸ்ட் 10ஆம் நாள் முதல் எஞ்சினில் எண்ணெய் செலுத்தப்பட்டது. அது பற்றிக்கொண்டது, ஆனால் அழுத்தம் அளவு கடந்து, அளவுகாட்டும் கருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றோர் உயிர் தப்பினர். எஞ்சின் ஓடவில்லை. எனினும் அமுக்கிய காற்றின் சூட்டிலேயே எண்ணெய் பற்றும் என்பது உறுதியாயிற்று.

இவ்விடத்தில் டீசலின் நேர்மை ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். காப்புரிமையில் தாம் எழுதிய கணக்கின்படி எஞ்சின் செய்தால், அது தன் உராய்வை வெல்லக்கூட ஆற்றல் தராது என்பதை அவரே கண்டறிந்தார். அவ்வளவு மிகுந்த அழுத்தத்தைக் கைவிட்டு, எரியும் முறையையும் மாற்றி, அதே ஆண்டில் திருத்திய இரண்டாம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தாம் அச்சிட்ட நூலைத் தாமே திருத்திக்கொள்வது அறிஞர்க்கு எளிதன்று. பின்னாளில் அவருடைய பகைவர் பற்றிக்கொண்டதும் இந்தத் திருத்தத்தையே.

1894 பிப்ரவரி 17ஆம் நாள் எஞ்சின் ஏறத்தாழ ஒரு நிமிடம் தன் ஆற்றலால் தானே ஓடியது. மேலும் மூன்றாண்டுகள் கழிந்தன. எண்ணெயைச் சிலிண்டருக்குள் நேரே செலுத்தும் முயற்சி அக்காலக் கருவிகளால் இயலவில்லை. எனவே கம்ப்ரசர் ஒன்றை இணைத்து, அழுத்தமேறிய காற்றோடு எண்ணெயை ஊதிச் செலுத்தினார். 1897 பிப்ரவரியில் மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் சுரோட்டர் முறைப்படி சோதனை நடத்தினார். மூன்று மீட்டர் உயரமும் ஒரே சிலிண்டரும் கொண்ட அந்த எஞ்சின், சுமார் 18 குதிரைத்திறன் தந்தது. எண்ணெயின் ஆற்றலில் 26.2 விழுக்காடு பயனாயிற்று. அந்நாளில் உலகில் இருந்த வேறெந்த வெப்ப எஞ்சினும் எட்டாத அளவு அது.

புகழும் பொருளும்

அடுத்த சில ஆண்டுகளில் செல்வம் வெள்ளமெனப் பெருகிற்று. அமெரிக்க மது உற்பத்தியாளர் அடால்பஸ் புஷ் பத்து இலட்சம் மார்க் கொடுத்து அந்நாட்டு உரிமையை வாங்கினார். உருசியாவில் நோபல் குடும்பத்தினர் உரிமை பெற்றனர். மியூனிக்கில் மாளிகை எழுந்தது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஓடிய எஞ்சின் வாங்கியோர் ஆலைகளில் அடிக்கடி நின்றது. புகார்கள் குவிந்தன; காப்புரிமை வழக்குகள் தொடர்ந்தன. ஆக்ஸ்பர்க்கில் அவர் பெயரால் தொடங்கிய தொழிற்சாலை நொடித்தது. 1898இல் உடலும் உள்ளமும் சோர்ந்து மருத்துவ இல்லத்தில் தங்க நேர்ந்தது. ஒரு கிராம் எண்ணெய் வீணாவதைப் பொறாத அம்மனிதர், தம் பணத்தை நில வாணிகத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் இட்டு இழந்தார்.

1900ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் டீசல் எஞ்சினுக்கு உயரிய பரிசு கிடைத்தது. அங்கு ஒரு சிறு எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. பிரெஞ்சு அரசு தன் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விளையும் கடலையைப் பயன்படுத்த விரும்பியதன் விளைவு அது. பார்த்தவர் பலருக்கு உள்ளே எரிவது கடலை எண்ணெய் என்பதே தெரியவில்லை. பிற்காலத்தில் டீசலும் தாவர எண்ணெய்களின் எதிர்காலம் பற்றி நம்பிக்கையோடு பேசினார். இன்று ஆமணக்கு, புங்கு முதலிய வித்துகளைப் பற்றிய ஆய்வுகள் நடைபெறும்போது அவர் நினைவு வருதல் இயல்பு.

1903இல் தொழிலாளர் கூட்டுறவு வாழ்வைப் பற்றிச் சாலிடாரிஸ்முஸ் என்னும் நூலை எழுதினார். அவர் அதனைத் தம் எஞ்சினினும் மேலானதாகக் கருதினார் என்பர். உலகம் எஞ்சினை வாங்கிற்று, நூலை வாங்கவில்லை. சில நூறு படிகளே விலைபோயின.

தண்டவாளத்தில் ஒரு தோல்வி

ஆலையிலும் கப்பலிலும் டீசல் எஞ்சின் வெற்றி பெற்றது. 1912இல் டென்மார்க்கில் கட்டப்பட்ட செலாண்டியா என்னும் பெருங்கப்பல் டீசல் எஞ்சினால் கடல் கடந்து பாங்காக் வரை சென்றது. எஞ்சியது புகைவண்டி. 1906லேயே டீசல், அடால்ப் குலோசே என்னும் பொறியாளருடனும் சுவிட்சர்லாந்தின் சுல்சர் நிறுவனத்துடனும் சேர்ந்து இம்முயற்சியில் இறங்கினார். பெர்லின் போர்சிக் ஆலை வண்டியின் உடலைச் செய்தது. சுல்சர் எஞ்சினைச் செய்தது. 1912இல் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் அது தண்டவாளம் ஏறியது. எடை சுமார் 95 டன். திறன் ஏறத்தாழ ஆயிரம் குதிரைத்திறன்.

அதன் குறை அதன் அமைப்பிலேயே இருந்தது. பாரவண்டி மாட்டுக்கு எப்போது மூச்சு முட்டுகிறது? நின்ற வண்டியை முதல் அடி நகர்த்தும்போது. ஓடத் தொடங்கிய பிறகு சுமை இலேசாகிறது. சரக்கு வண்டிக்கு இது பன்மடங்கு பொருந்தும். நீராவி எஞ்சின் நின்ற நிலையிலேயே முழு வலிமையோடு இழுக்கும். கொதிகலனில் ஆவி காத்திருக்கிறது. டீசல் எஞ்சினோ சுழன்றால்தான் ஆற்றல் தரும். நின்றால் அதனிடம் ஒன்றும் இல்லை. முதல் டீசல் எஞ்சின் வண்டியில் பிஸ்டனின் இயக்கம் நேரே சக்கரத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. எனவே வண்டி மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவு வேகம் பெறும் வரை, 250 குதிரைத்திறன் கொண்ட வேறொரு துணை எஞ்சின் அமுக்கிய காற்றால் அதைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. சமவெளியில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வரை ஓடிக் காட்டியது. ஆயினும் புறப்படுவதில் தொல்லையும் உறுப்புகள் உடைவதும் தீரவில்லை. 1913இல் பிரசிய இரயில்வேயின் சோதனைக்கு வந்தும் தேறவில்லை. 1914இல் உலகப் போர் மூண்டதும் முயற்சி கைவிடப்பட்டது.

கடலில் முடிந்த கதை

அக்காலத்திற்குள் டீசலின் கருவூலம் காலியாகிவிட்டது. மறுபுறம் பேராசிரியர் சிலர், ஓடும் எஞ்சின் அவரது முதற் காப்புரிமையின்படி அமைந்ததன்று என்றும், அவர் பெயரால் அதை வழங்குவது தகாது என்றும் எழுதினர். இங்கிலாந்தின் அக்ராய்ட் ஸ்டூவர்ட் 1890லேயே எண்ணெய் எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றதையும் சுட்டினர். அவ்வெஞ்சினில் எண்ணெயைப் பற்றவைக்கச் சூடேற்றிய குமிழ் ஒன்று வேண்டும். காற்றை அமுக்கிய வெப்பத்தாலேயே எரியச் செய்தது டீசலின் பங்கு. வாழ்நாள் உழைப்பைப் பிறர் கூறுபோடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது, கடனினும் கொடிய சுமையாக அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

1913 செப்டம்பர் 29ஆம் நாள் மாலை, இங்கிலாந்தில் நடக்கவிருந்த தொழில் கூட்டத்திற்காக ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் கப்பலில் ஏறினார். உடன் வந்தவர்களோடு உணவருந்தினார். இரவு பத்து மணியளவில், காலை ஆறே காலுக்கு எழுப்புமாறு சொல்லிவிட்டுத் தம் அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாக இருந்தது. படுக்கை கலையவில்லை. கடிகாரம் படுக்கையிலிருந்து பார்க்கும்படி வைக்கப்பட்டிருந்தது. மேற்சட்டையும் தொப்பியும் கப்பலின் பின்தளத்தில் கம்பியோரம் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சில நாள்களில் டச்சுப் படகு ஒன்று கடலில் மிதந்த உடலைக் கண்டது. அடையாளப் பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, சிதைந்த உடலை அவர்கள் கடலுக்கே விட்டனர். கண்ணாடிக்கூடு, பேனாக்கத்தி, மாத்திரைப் பெட்டி ஆகியவற்றைப் பார்த்து, அவை தம் தந்தையுடையவை என்று மகன் ஆயிகன் உறுதி செய்தார்.

பயணத்திற்கு முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்தே திறக்கச் சொல்லியிருந்தார். அதில் ரொக்கப் பணமும், வங்கியில் ஏதும் இல்லை என்பதைக் காட்டும் கணக்குத்தாள்களும் இருந்தன. நாட்குறிப்பில் அந்த நாளுக்கு நேரே சிறு சிலுவைக்குறி காணப்பட்டது. கொலை என்றும் சதி என்றும் பல கதைகள் பின்னர் எழுந்தன. கணக்குத்தாள்கள் சொல்லும் துயரக் கதையே அவற்றினும் நம்பத்தக்கது. மகன் ஆயிகன் பிற்காலத்தில் தந்தையின் வரலாற்றை நூலாக எழுதினார்.

அவருக்குப் பின்

டீசல் தீர்க்காமல் விட்ட புதிரைப் பின்வந்தோர் இருவழியில் அவிழ்த்தனர். எஞ்சினைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கி, அம்மின்சாரத்தால் சக்கரத்தைச் சுழற்றுவது ஒரு வழி. உருசியப் பொறியாளர் லமனோசவ் 1924இல் செருமனியின் எஸ்லிங்கன் ஆலையில் இவ்வகை எஞ்சினைச் செய்வித்தார்; அதில் ஓடியது டீசல் வளர்ந்த ஆக்ஸ்பர்க் மண்ணின் எம்.ஏ.என். எஞ்சின். மற்றது நீராற்றல் வழி. ஹெர்மன் ஃபட்டிங்கர் என்னும் செருமானியர் 1905இல் கப்பலுக்கென இதை வகுத்தார். மூடிய கலத்துள் இரு சக்கரங்கள் எதிரெதிரே இருக்கும். எஞ்சின் சுழற்றும் முதற் சக்கரம் எண்ணெயை வீசி எறியும். அவ்வீச்சு இரண்டாம் சக்கரத்தைச் சுழற்றும். பாபநாசம் மின்நிலையத்தில் நீர் சக்கரத்தைச் சுழற்றுவதை ஒரு பானைக்குள் அடக்கியது போன்றது இது. வண்டி நிற்கும்போதும் எஞ்சின் தடையின்றிச் சுழலும், இழுவையும் குறையாது. அழுத்தக் காற்றுக் கம்ப்ரசரின் சுமையையும் 1920களில் வந்த நேர் எண்ணெய்ப் பம்புகள் நீக்கின. எஞ்சின் இலேசாயிற்று.

1935இல் செருமனியில் 1,400 குதிரைத்திறன் கொண்ட வி 140 என்னும் எஞ்சின் வண்டி நீராற்றல் முறையில் ஓடியது. 1953இல் வி 200, 1960இல் வி 160 வகைகள் வந்தன. 1964 முதல் கீல் நகரின் மாக் நிறுவனம் வடிவமைத்த வி 90 வகை, சரக்கு முற்றங்களில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் கடும்பணியை ஏற்றது. அதன் வழிவந்தவை இன்றும் செருமனியில் சரக்கு இழுக்கின்றன. 1977இல் மேற்கு செருமனி நீராவி எஞ்சினுக்கு விடை கொடுத்தது. 2006இல் பெர்லினில் வைத்துக் காட்டிய வொய்த் மேக்சிமா, ஒரே எஞ்சினில் சுமார் 4,900 குதிரைத்திறன் தந்தது.

அந்த அலை நம் நாட்டையும் தொட்டது. 1950களின் நடுவில் செருமனியின் யுங் நிறுவனம் செய்த சிறு டீசல் எஞ்சின்கள் சிம்லா, மாதேரான் மலைப்பாதைகளுக்கு வந்தன. எம். எம். சூரி என்னும் இந்தியப் பொறியாளர் நீராற்றல் செலுத்தமைப்பில் தம் பெயரால் வழங்கும் ஒரு முறையை வகுத்தார். சித்தரஞ்சன் ஆலையில் 1968 முதல் மாக் எஞ்சினைக் கொண்டு டபிள்யூ.டி.எஸ்.4 வகை செய்யப்பட்டது. 1970இல் ஹென்ஷல் நிறுவனத்தின் 2,500 குதிரைத்திறன் எஞ்சின்கள் எட்டு வந்து, கூட்டி பணிமனையில் இருந்து ஓடின. எனினும் வாரணாசி ஆலை பின்பற்றிய மின்வழியே இந்தியாவில் பெருவழக்காயிற்று. திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழாம்பூர் வழியாகத் தென்காசி சென்ற மீட்டர் பாதையில் என் மாணவப் பருவத்தில் இழுத்தது ஒய்.டி.எம்.4 என்னும் ஆறு சிலிண்டர் எஞ்சின். பாபநாசத்திற்குப் புகைவண்டி நிலையம் இல்லாமையால் அம்பைக்குப் பேருந்தில் சென்று அதில் ஏறுவோம். 2012இல் அத்தடம் அகலப்பாதையாயிற்று.

நிறைவாக

டீசலின் வாழ்வு வெற்றியா தோல்வியா? எஞ்சின் வென்றது, மனிதர் தோற்றார் என்று சொல்லி முடிப்பது எளிது. ஆனால் அவர் கண்ட கனவு, சிறு தொழிலாளியின் கூடத்தில் ஒரு சிறு எஞ்சின் ஓட வேண்டும் என்பது. அவரது முதல் வெற்றி எஞ்சினோ மூன்று மீட்டர் உயரம் கொண்டிருந்தது. 1933இல் சப்பானின் யாமாஓகா என்னும் தொழில்முனைவர் உழவர்க்குப் பயன்படும் சிறு டீசல் எஞ்சினைச் செய்து காட்டினார். அந்த நன்றியுணர்வில் 1957இல் அவரே ஆக்ஸ்பர்க் நகருக்குக் கற்கள் அனுப்பி, டீசலுக்கு ஒரு நினைவுச் சோலை அமைத்தார். கல்லறை இல்லாத மனிதருக்கு வேறொரு கண்டத்திலிருந்து வந்த கற்கள் நினைவிடமாயின.

என் தாய்மாமாவின் கொட்டகையில் இருமிய எஞ்சினும் அந்தக் கனவின் ஒரு துண்டே. ஆலை முதலாளிக்குக் கூலியாகாமல், சொந்தமாக மாவரைத்து, நான்கு பிள்ளைகளைப் படிக்கவைத்தவர் அவர். டீசல் என்பது யார் பெயர் என்று இன்று நான் அவரிடம் சொல்ல இயலும்; கேட்க அவர் இல்லை. ஆகவே மாணவச் செல்வங்களே, உங்களிடம் சொல்கிறேன். அடுத்தமுறை அம்பாசமுத்திரம் நிலையத்தில் ஒரு டீசல் எஞ்சின் புறப்படும் ஒலி கேட்டால், ஒரு கணம் நின்று கேளுங்கள். நின்ற சுமையை முதல் அடி நகர்த்த முடியாமல் தவித்த ஒருவரின் பெயரால் அது புறப்படுகிறது.